‘அன்னை’ நீடமும் அவள் காலத்து நீதியும்

1731-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் இலண்டன் மாநகரில் எலிசபெத் நீடம் என்னும் பெண் உயிர் துறந்தாள். மூன்று நாள்களுக்கு முன்னர் அரசின் ஆணைப்படி பொதுவீதியில் நிறுத்தப்பட்டு, மக்கள் கையால் பட்ட அடியே அவள் உயிருக்கு உலையாயிற்று. அந்நகரில் விலைமாதர் விடுதி நடத்தியோருள் அவளைப் போல் பெயர் பெற்றவர் அந்நாளில் மிகச் சிலரே. ஊரார் அவளை ‘மதர் நீடம்’ என்று அழைத்தனர். ‘அன்னை நீடம்’ என்பது அதன் பொருள். பெற்ற தாயைப் பிரிந்து வந்த பெண்களை வலைவீசிப் பிடித்து விலைபேசியவளுக்கு ‘அன்னை’ என்று பெயர்! அத்தொழில் நடத்திய பெண்களை அவ்வாறு அழைப்பது அக்கால இலண்டன் வழக்கு.

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் ஏட்டில் இத்தகையவளின் வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் தம் பெருநூலுக்குக் ‘கிதாபுல் இபர்’ என்று பெயர் சூட்டினார். ‘இபர்’ என்பது ‘இப்ரத்’ என்னும் சொல்லின் பன்மை. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்து செல்வதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. கண்ணால் கண்ட நிகழ்ச்சியிலிருந்து கருத்தால் உணரவேண்டிய படிப்பினைக்குக் கடந்து செல்வதே இப்ரத். அத்தகைய படிப்பினை நல்லோர் வரலாற்றில் இருப்பதுபோலத் தீயோர் வரலாற்றிலும் உண்டு. நீடம் தீயவள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவளைத் தண்டித்த கை எவரைத் தொடாமல் விட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவள் வரலாறு நிறைவு பெறும்.

வண்டிகள் வந்து நின்ற முற்றம்

இங்கிலாந்தில் இத்தொழில் பழமையானது. தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள சதர்க் பகுதியில், வின்செஸ்டர் பிஷப்பின் ஆளுகைக்குட்பட்ட நிலத்திலேயே விலைமாதர் விடுதிகள் பல நூற்றாண்டுக்காலம் விதிமுறைகளோடு நடந்து வந்தன. 1546-இல் எட்டாம் ஹென்றி மன்னர் ஆணை பிறப்பித்து அவற்றை மூடினார். விடுதிகள் மூடப்பட்டனவேயன்றித் தொழில் ஒழியவில்லை. அது நகரெங்கும் சிதறிப் பரவியது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 5,75,000 என ஆய்வாளர் மதிப்பிடுவர். 1750-இல் அது 6,75,000 அளவை எட்டியது. இத்தனைக்கும் அந்நகரில் பிறப்பைவிட இறப்பே மிகுதி. நோயும் நெரிசலும் தின்ற உயிர்களை நாட்டுப்புறத்திலிருந்து ஆண்டுதோறும் வந்து குடியேறிய பல்லாயிரவர் ஈடுசெய்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாகவோ, தையல் வேலை செய்தோ பிழைக்கலாம் என்று நம்பி வந்தவர்கள்.

அப்பெண்கள் சரக்கு ஏற்றிவரும் பெருவண்டிகளில் பல நாள் பயணம் செய்து, நகரத்துச் சத்திரங்களின் முற்றத்தில் வந்திறங்கினர். தெரிந்தவர் எவரும் இல்லாதவளுக்கு அந்நகரில் தங்க இடம் கிடைப்பது அரிது. முந்தைய எசமானர் தந்த நற்சான்றுக் கடிதம் இல்லாதவளுக்கு வேலை கிடைப்பதும் அரிது. கைப்பணம் சில நாள்களில் கரைந்துவிடும். அந்தச் சில நாள்களுக்குள்தான் நீடம் போன்றோர் தங்கள் வேலையை முடித்தனர்.

சத்திர முற்றத்தில் நல்ல உடையணிந்து காத்து நிற்பாள். இறங்கும் பெண்களுள் கள்ளமறியாத முகத்தைத் தேர்ந்தெடுப்பாள். அன்போடு நலம் விசாரிப்பாள். தன் வீட்டில் வேலை இருப்பதாகக் கூறுவாள். வழி தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கு அந்நேரத்தில் அவள் உண்மையாகவே ஓர் அன்னையாகத் தோன்றியிருப்பாள். அவளோடு சென்ற பின்னரே, சென்ற இடம் எதுவென்று அப்பெண்ணுக்குப் புரியும்.

நீடத்தின் விடுதி செயிண்ட் ஜேம்ஸ் பகுதியில் பார்க் பிளேஸ் என்னும் தெருவில் இருந்தது. அரசரின் மாளிகைக்கு அருகே, பிரபுக்கள் வாழும் பகுதி அது. அவள் வீட்டுக்கு வந்து சென்றோரும் பெருங்குடியினரே. புதிதாக வந்த பெண்ணைப் பூட்டி வைக்கவேண்டிய தேவைகூட அவ்வீட்டில் இல்லை. அணிந்துகொள்ளப் பட்டாடை தரப்படும். அதற்கு வாடகை குறிக்கப்படும். உணவுக்கும் உறைவிடத்துக்கும் கணக்கு ஏறும். எவ்வளவு ஈட்டினாலும் கடன் குறையாது. உடுத்த ஆடையோடு ஓடிப்போனால் திருட்டுக் குற்றம் சாட்டலாம். ஓடாமல் நின்றால் கடனுக்காகச் சிறையில் தள்ளலாம். சட்டத்தையே பூட்டாகப் பயன்படுத்திய சூழ்ச்சி இது.

இவ்வாறு வாழ்ந்தோருள் வரலாற்றில் பெயர் நின்றவள் சாலி சாலிஸ்பரி. அவளது இயற்பெயர் சாரா பிரிடன். இலண்டன் முழுவதும் அவள் அழகைப் பேசியது. பிரபுக்கள் அவளைத் தேடி வந்தனர். 1722-ஆம் ஆண்டு இறுதியில், பெருங்குடியில் பிறந்த ஜான் ஃபின்ச் என்பவனோடு ஏற்பட்ட சச்சரவில் அவனைக் கத்தியால் குத்திவிட்டாள். அவன் பிழைத்துக்கொண்டான். கொலை நோக்கம் இல்லையென்று நீதிமன்றம் கூறியபோதிலும், 100 பவுன் அபராதமும் ஓராண்டுச் சிறையும் விதித்தது. தண்டனைக் காலம் முடியுமுன்னரே, 1724-இல் நியூகேட் சிறையில் காய்ச்சல் கண்டு மாண்டாள். அப்போது அவளுக்கு வயது 30-ஐச் சற்றே கடந்திருந்தது. புகழ்பெற்றவளின் முடிவே இதுவென்றால், பெயர் தெரியாதோரின் முடிவைப் பற்றி என் சொல்வது!

கவிஞர் அலெக்ஸாண்டர் போப் தம் அங்கத நூலான ‘டன்ஸியட்’டில் நீடத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்நூலின் குறிப்பொன்று அவளைப் பக்தி மிகுந்தவள் என்று எள்ளி நகையாடுகிறது. போதுமான பொருள் சேர்ந்ததும் தொழிலைக் கைவிட்டு இறைவனோடு சமாதானம் செய்துகொள்ளவேண்டும் என்பதே அவளுடைய இடைவிடாத வேண்டுதலாம்! நகைப்புக்காக எழுதப்பட்டதாயினும், தவ்பாவுக்கு நாள் குறித்து வைத்துக்கொண்டு பாவத்தைத் தொடரும் மனித இயல்பை அது நன்கு படம் பிடிக்கிறது. ‘போதும்’ என்ற நாள் அவளுக்கு வரவேயில்லை.

கர்னலும் பணிப்பெண்ணும்

நீடத்தின் வாடிக்கையாளருள் கொடியவன் கர்னல் பிரான்சிஸ் சார்ட்டரிஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவன் சூதாட்டத்தில் ஏமாற்றியும், கடும் வட்டிக்குக் கொடுத்தும், 1720-ஆம் ஆண்டின் தென்கடல் கம்பெனிப் பங்குப் பித்தில் ஆதாயம் பார்த்தும் பெருஞ்செல்வனானான். கடனாளிகளிடம் கையூட்டுப் பெற்று, அவர்களைத் தன் படைப்பிரிவில் சேர்த்துச் சட்டத்திடமிருந்து காத்த குற்றத்துக்காக 1711-இல் பாராளுமன்றத்தில் மண்டியிடச் செய்யப்பட்டுக் கண்டிக்கப்பட்டவன். அவனுடைய மகளை மணந்தவரோ ஒரு பிரபு. அவனுக்குப் பெண்களைத் தேடித் தந்தவர்களுள் நீடமும் ஒருத்தி என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது.

1729-ஆம் ஆண்டில் ஆன் பாண்ட் என்னும் பணிப்பெண், நோயுற்று வேலையிழந்து, தன் தங்குமிடத்தின் வாயிலில் அமர்ந்திருந்தாள். முன்பின் அறியாத ஒருத்தி வந்து வேலை வேண்டுமா என்று கேட்டாள். எசமானர் ‘கர்னல் ஹார்வி’ என்று கூறப்பட்டது. வேலையில் சேர்ந்த பின்னரே அவன் சார்ட்டரிஸ் என்பது தெரியவந்தது. அவன் பெயரைக் கேட்டால் பணிப்பெண்கள் அஞ்சி ஓடுவர், ஆகையால்தான் பொய்ப்பெயர். அவன் பணம் காட்டினான், அவள் மறுத்தாள். வெளியேற விரும்பினாள், விடவில்லை. நவம்பர் மாதத்தில் ஒருநாள் அவளைத் தன் அறைக்கு அழைத்துப் பலாத்காரம் செய்தான். வழக்குத் தொடுப்பேன் என்று அவள் கூறியதும், குதிரைச் சவுக்கால் அடித்து, ‘திருடி’ என்று பழி சுமத்தி வீதியில் தள்ளினான்.

இதற்குப் பின் ஆன் பாண்ட் செய்ததுதான் இவ்வரலாற்றிலேயே துணிவான செயல். கையில் காசில்லாத, ஆதரவற்ற அப்பணிப்பெண், தெரிந்த பெண்ணொருத்தியின் துணையோடு சென்று முறையிட்டாள். 1730 பிப்ரவரியில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சியம் அளித்தாள். சார்ட்டரிஸின் தரப்பினர் அவளை ஒழுக்கங்கெட்டவள் என்றும் திருடியென்றும் காட்டுவதற்கு ஆள்களை நிறுத்தினர். நடுவர் குழுவினர் அவற்றை ஏற்கவில்லை. சார்ட்டரிஸ் குற்றவாளி என்றனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது.

நீதி வென்றது என்று எண்ணிவிட வேண்டாம். அவனுடைய உறவினரும் செல்வாக்குடைய நண்பர்களும் அரசவைக்கு நடந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அவனுக்கு மன்னிப்பு வழங்கினார். பறிமுதலான உடைமைகளையும் பெருந்தொகை செலுத்தி மீட்டுக்கொண்டு அவன் வெளியே நடந்தான். பன்னிருவர் கேட்டு நம்பிய ஓர் ஏழைப் பெண்ணின் சாட்சியம், சில வாரங்களில் மதிப்பற்றதாயிற்று.

ஒரு ஷில்லிங் குற்றம்

அக்காலத்தில் இலண்டனில் ‘ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கங்கள்’ என்பவை இயங்கின. 1691-இல் தோன்றிய இச்சங்கங்கள் குடியர், விலைமாதர், ஓய்வுநாளில் கடை திறப்போர் ஆகியோர் மீது வழக்குத் தொடுத்தன. இலண்டனிலும் சுற்றுப்புறத்திலும் அதுவரை 1,01,683 வழக்குகள் தொடுத்ததாக 1738-இல் கணக்கு வெளியிட்டன. ஆனால் அவ்வழக்குகளில் சிக்கியோர் பெரும்பாலும் ஏழைகள். டேனியல் டிஃபோ 1698-லேயே இதனைக் கண்டித்து எழுதினார். குடித்துத் திரியும் ஏழை தண்டிக்கப்படுகிறான். அதே குற்றம் செய்யும் செல்வனை எவரும் தொடுவதில்லை என்பது அவர் முறையீடு.

இச்சீர்திருத்த இயக்கத்தில் முன்னின்ற நீதிபதி சர் ஜான் கான்சன். விடுதிகளைத் தேடிச் சோதனையிடுவதில் அவர் பெயர் பெற்றவர். கைதான பெண்களை ‘பிரைட்வெல்’ என்னும் திருத்தச் சிறைக்கு அனுப்பிச் சணல் அடிக்க வைப்பார்கள். 1731 வசந்த காலத்தில் நீடமும் சிக்கினாள். ஏப்ரல் இறுதியில் தீர்ப்பு வந்தது.

அவள் மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். பேதைப் பெண்களை ஏமாற்றி அழைத்துச் சென்றாள் என்பதன்று. அவர்களைக் கடனில் பூட்டினாள் என்பதுமன்று. ‘ஒழுங்கற்ற வீடு’ நடத்தினாள் என்பதே குற்றச்சாட்டு. அண்டை அயலாரின் அமைதிக்கு ஊறு விளைவித்த குற்றம் அது. வீட்டுக்குள் சிதைந்த பெண்களின் வாழ்க்கை வழக்கில் இடம்பெறவில்லை. அபராதம் ஒரே ஒரு ஷில்லிங். அத்துடன் இருமுறை ‘பில்லரி’யில் நிற்கவேண்டும், மூன்றாண்டுகளுக்கு நன்னடத்தைப் பிணையும் தரவேண்டும்.

பில்லரி என்பது நம் பழைய தொழுமரத்தைப் போன்றது. உயர்ந்த மேடைமேல் ஒரு கம்பம்; அதன்மேல் துளையிட்ட மரச்சட்டம். அத்துளைகளில் கழுத்தையும் கைகளையும் மாட்டி, குற்றவாளியைப் பொதுமக்கள் முன் நிறுத்துவர். இத்தண்டனையின் அளவை நீதிபதி வரையறுப்பதில்லை, கூட்டமே வரையறுக்கும். முன்னர் 1703-இல் இதே டிஃபோ ஒரு நூல் எழுதியதற்காகப் பில்லரியில் நிறுத்தப்பட்டபோது, மக்கள் அவரை வாழ்த்தி மலர் தூவினர் என்பது வழிவழி வந்த செய்தி. வேண்டாதவர் நின்றால் சேறும் அழுகிய முட்டையும் கல்லும் பறக்கும்.

1731 ஏப்ரல் 30-இல் நீடத்தைப் பார்க் பிளேஸுக்கு அருகே, செயிண்ட் ஜேம்ஸ் வீதியிலேயே கொண்டுவந்தனர். அவளுடைய செல்வ நண்பர்கள் வாழ்ந்த வீதி அது. நிற்க வைக்காமல் மேடையில் முகங்குப்புறப் படுத்திருக்க அவளை அனுமதித்தனர். காவலரும் சூழ்ந்து நின்றனர். ஆயினும் கூட்டத்தின் சினத்தைத் தடுக்க முடியவில்லை. வேடிக்கை பார்ப்பதற்காக விளக்குக் கம்பத்தில் ஏறிய ஒரு சிறுவன் தவறி இரும்பு ஈட்டிமுனைகளின் மேல் விழுந்து மாண்டான். குற்றமறியாத அச்சிறுவன்தான் அன்றைய ‘நீதி’யின் முதல் பலி. அடிபட்ட நீடம், வெஸ்ட்மின்ஸ்டரில் இரண்டாம் முறை நிற்கவேண்டியதை எண்ணி நடுங்கியபடியே மே 3-இல் இறந்தாள். பெரிய மனிதர் எவரும் அவளுக்காக அரசவைக்கு நடக்கவில்லை. டன்ஸியட்டின் அக்குறிப்பே, இது அவளுடைய பெரிய இடத்து நண்பர்களுக்கு நீங்காத இழுக்கு என்று சுட்டிக்காட்டுகிறது. அவள் மேடையில் கிடந்த நாளுக்கு ஆறு நாள் முன்னர்தான் டிஃபோ காலமாகியிருந்தார். அவர் 33 ஆண்டுகளுக்கு முன் எழுதிய முறையீடு அன்றும் பழையதாகவில்லை.

கர்னலுக்கு மன்னிப்பு 1730 ஏப்ரல். தரகிக்குப் பில்லரி 1731 ஏப்ரல். ஓராண்டு இடைவெளியில் அதே நகரில் இவ்விரண்டும் நடந்தன. மரண தண்டனைக்குரிய குற்றம் செய்தவன் வீட்டுக்குப் போனான். ஒரு ஷில்லிங் குற்றம் செய்தவள் புதைகுழிக்குப் போனாள். நீடத்துக்காக இரங்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அவள் கையால் அழிந்த பெண்களை எண்ணினால் இரக்கம் எழுவது கடினம். ஆனால் அவள் விற்றாள் என்றால், வாங்கியவன் ஒருவன் இருந்தான் அல்லவா? விற்றவளை மட்டும் அடித்துவிட்டு வாங்கியவனை விட்டுவிட்டால், அந்த அடி ஆத்திரத்தைத் தணிக்கும், சந்தையை மூடாது. நீடம் இறந்த பின்னும் இலண்டனில் அத்தொழில் சிறிதும் குறையவில்லை என்பதே இதற்குச் சான்று.

ஓவியர் கண்ட காட்சி

நீதிமன்றம் காணாத ஒன்றை ஓர் ஓவியர் கண்டார். வில்லியம் ஹோகார்த் என்பவர் ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் வீழ்ச்சியை ஆறு படங்களாக வரைந்து, 1732-இல் அச்சிட்டு வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு கினி கொடுத்து அவற்றை வாங்கினர். போலிப் பதிப்புகள் பெருகியதால், ஓவியர்களின் உரிமையைக் காக்க 1735-இல் ஒரு சட்டமே பிறந்தது.

முதல் படத்தில் யார்க் நகர வண்டியிலிருந்து அப்பெண் இறங்கி நிற்கிறாள். கையில் கத்தரிக்கோலும் ஊசிப்பையும் தொங்குகின்றன. தையல் வேலை செய்து பிழைக்க வந்தவள். அருகில் இலண்டன் உறவினருக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்த வாத்து ஒன்று கிடக்கிறது. அவளுடைய முகவாயைத் தொட்டுக் கொஞ்சிப் பேசுபவள் நீடம். பின்னால் வாயிற்படியில் நின்று பார்ப்பவன் சார்ட்டரிஸ். மறுபக்கம் குதிரைமேல் அமர்ந்த ஒரு பாதிரியார், தமக்கு வேண்டிய முகவரியைப் படிப்பதில் மூழ்கி, முதுகு காட்டியிருக்கிறார். மூன்றாம் படத்தில் கான்சன் அவளைக் கைதுசெய்ய வருகிறார். நான்காம் படத்தில் சிறையில் சணல் அடிக்கிறாள். ஐந்தாவதில் நோயால் சாகிறாள். ஆறாவதில் சவப்பெட்டி மூடியில் அவள் வயது பொறிக்கப்பட்டுள்ளது: 23.

இப்படங்கள் வெளிவந்தபோது நீடமும் இல்லை, சார்ட்டரிஸும் இல்லை. அவன் 1732 பிப்ரவரியில் எடின்பரோவில் இறந்தான். அடக்கம் செய்யும்போது மக்கள் அவன் குழியில் செத்த நாய்களை எறிந்தனர் என்பர். சட்டம் கைவிட்ட வழக்கில் மக்கள் தாமே தீர்ப்பெழுத முனைந்த காட்சி அது. அதனால் ஆன் பாண்டுக்கு ஒரு பயனும் விளையவில்லை.

சட்டம் விழித்துக்கொள்ள நெடுங்காலமாயிற்று. பில்லரி 1837-இல் முற்றிலும் ஒழிந்தது. பொய் கூறி இளம்பெண்களை இத்தொழிலுக்கு இழுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1849-இல் வந்தது. பிறரின் வற்புறுத்தலுக்கு ஆளான பெண்ணை விலைகொடுத்து நாடும் ஆடவனைக் குற்றவாளி என்னும் சட்டமோ 2009-இல்தான் இயற்றப்பட்டது. நீடம் இறந்து 278 ஆண்டுகளுக்குப் பின்னரே இச்சட்டம் வந்தது. சுவீடன் நாடு இதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, 1999-லேயே, விலைகொடுத்து வாங்குவதையே குற்றமாக்கியிருந்தது.

ஹோகார்த்தின் முதல் படத்தில் இல்லாத ஒருவரைப் பற்றியும் எண்ணவேண்டும். வாத்தை வாங்கிக்கொண்டு அப்பெண்ணை அழைத்துச் செல்ல வரவேண்டிய உறவினர் வரவில்லை. வந்திருந்தால் நீடத்துக்கு அங்கே வேலையில்லை. வேலை தேடியோ படிப்பு நாடியோ ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியூர் செல்லும்போது, அவள் இறங்கும் இடத்தில் நம்பத்தக்க ஒருவர் நிற்பதற்கு ஏற்பாடு செய்வது குடும்பத்தின் கடமை. அங்கே அவளுக்குத் தீங்கு நேர்ந்து, ஆன் பாண்டைப்போல் அவள் வந்து முறையிட்டால், அவள் சொல்லை முதலில் செவிமடுப்பது அதனினும் பெரிய கடமை.